நீலம் வந்த நாற்பது நாள்

உஸ்மான் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பொன்ராஜ், கடையில் யாருக்கும் பயப்பட மாட்டார். வீட்டில் மட்டும் காலை ஆறு மணிக்கு ஒரு கண்ணாடிக் குழாய்க்குப் பயப்படுவார்.

அந்தக் குழாய் அவர் மனைவி தங்கத்தின் கையில் இருக்கும். கிணற்றடியில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்திருப்பாள். குழாயில் ஒரு ஸ்பூன் நீல மருந்தை ஊற்றி, அவர் கொண்டுவந்து வைக்கும் புட்டியிலிருந்து எட்டுச் சொட்டுச் சிறுநீரை அதில் விட்டு, இடுக்கியால் பிடித்துக் கொதிக்க வைப்பாள். நீலம் நீலமாகவே நின்றால் நீரில் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சளைத் தாண்டிச் செங்கல் நிறத்துக்குப் போனால், முந்தின நாள் மனிதர் எங்கேயோ எதையோ தின்றிருக்கிறார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. பதினோரு வருஷமாக இந்த விசாரணை ஒரு நாள் தவறியதில்லை.

"என்ன கலருட்டி?" என்பார், நாலடி தள்ளி நின்றபடி.

"வந்து பாருங்க. முப்பது வருஷமா சீலை விக்கிய. கலரு நான் சொல்லணுமாக்கும்?"

"கிளிப்பச்சை."

"இதுவா கிளிப்பச்சை? எலுமிச்சம்பழமால்லா இருக்கு."

"வெயில் படுது, அதான் அப்படித் தெரியுது. நிழல்ல வச்சுப் பாரு."

கடைக்கு வருகிறவர்களிடம் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்கிறவர், வீட்டில் நிழலைத் தேடுவார். தங்கம் சிரிக்க மாட்டாள். உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு, "நேத்து வெள்ளைத்துரை மச்சான் வீட்டுல என்ன தின்னிய?" என்று கேட்பாள். அவர் ஒரு லட்டில் ஆரம்பித்து மூன்று லட்டு வரை ஒப்புக்கொள்வார். நாள் முழுவதும் பத்து ஆட்களை வேலை வாங்குகிற மனிதர் கிணற்றடியில் ஈரக் காலோடு நின்று லட்டுக் கணக்குச் சொல்வதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தாள். அக்கறையும்தான் அது. ஆனால் அக்கறை மட்டும் அல்ல என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

எழுபத்து நாலாம் வருஷம் சித்திரை பிறந்த பிறகு குழாய் நீலமாகவே நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தொடர்ந்து ஒரு வாரம்.

முதலில் அவள் நம்பவில்லை. "தெருக்குழாயில குடிக்கவே தண்ணி வரல. கலப்படத்துக்கு மட்டும் எங்க பிடிச்சிய?" என்றாள்.

"ஏட்டி, வாய் கூசாம பேசாத. ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல."

அவள் விடவில்லை. மறுநாள் அவர் புட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் விரலால் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் ஆறியிருக்கும். புட்டி இளஞ்சூடாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பத்தாம் நாள் நம்பிவிட்டாள். நம்பியபோது வந்த சந்தோஷத்தில் அவர் பங்கு கொஞ்சம்தான், தன் பங்குதான் அதிகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அரிசியைக் குறைத்ததும், வெந்தயத்தை ஊறவைத்து விழுங்க வைத்ததும் அவள்தானே.

பொன்ராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் நாலடி தள்ளி நிற்பதில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, "ஆகாய நீலம். அச்சு அசல். இந்தக் கலர்ல ஒரு பட்டு நெய்யச் சொல்லப்போறேன்" என்பார். பன்னிரண்டாம் நாள் மனுப் போட்டார்.

"பாஸான பிள்ளைக்கு ஒரு பரிசு கிடையாதா?"

"என்ன பரிசு?"

"அரை டம்ளர் கருப்பட்டிக் காப்பி."

அவள் யோசித்தாள். வருஷத்துக்கு ஒரு முறை உடன்குடியிலிருந்து அவள் அண்ணன் ஓலைக்கொட்டானில் கருப்பட்டி அனுப்புவார். வியாதி வந்த நாளில் டாக்டர் சொன்னது, சர்க்கரை கூடாது, இனிப்புப் பலகாரம் கூடாது என்றுதான். அவளோ பயத்தில் கருப்பட்டியையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்றே அவள் வழி ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள். சீனிதான் ஆலையில் செய்த விஷம், கருப்பட்டி பனையின் சாறு, பிள்ளை பெற்றவளுக்கே கொடுக்கிறோம், அது இனிப்பில் சேராது என்று. அவளும் பாதி அதை நம்பினாள். மீதிப் பாதியை நீலம் நம்ப வைத்தது.

அரை டம்ளர் கொடுத்தாள். மறுநாள் குழாய் நீலம். "பாத்தியா? நம்ம மரம் நமக்குத் துரோகம் செய்யுமா?" என்றார். பிறகு அது ஒரு டம்ளர் ஆயிற்று. பிறகு மாலையில் ஒரு டம்ளர். நீலம் அசையவில்லை. தங்கம் தன் கையாலேயே கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, வடிகட்டி, நுரை வர ஆற்றிக் கொடுத்தாள். பதினோரு வருஷம் மறுத்த கைக்குக் கொடுப்பது எவ்வளவு பிடித்திருந்தது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடையில் எல்லோரும் முதலாளி பூரித்துவிட்டார் என்றார்கள். கன்னம் உப்பியிருந்தது. காலையில் எழுந்ததும் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தெரியும். "மாப்பிள்ளை களை வந்திருக்கு. ரெண்டாந்தாரம் பாக்கணும்" என்று தங்கமும் கேலி செய்தாள். புதுச் செருப்பு வலது பெருவிரலைக் கடித்திருந்தது. மூன்று வாரமாகியும் புண் மூடவில்லை. ஆனால் வலியில்லை என்றார் அவர். வலிக்காத புண்ணை யார் பொருட்படுத்துகிறார்கள்?

நாற்பதாம் நாள் காலை. குழாய் நீலமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டுச் சூடாகத் தெறிக்கவே தங்கம் காலை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவர் பாதங்கள் பெரிதாக இருந்தன. நேற்று இரவு கழற்றிய செருப்பின் வார் விடிந்த பிறகும் இரண்டு பள்ளங்களாக மேலே பதிந்திருந்தது. பெருவிரல் கருத்து, சுற்றிலும் மினுமினுவென்று வீங்கியிருந்தது.

நாற்பது நாளாகக் குழாயைத்தான் பார்த்திருக்கிறோம், ஆளைப் பார்க்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது. விளக்கை அணைத்தாள்.

"சட்டைய மாட்டுங்க. லஸ்ஸுக்குப் போறோம்."

மயிலாப்பூர் லஸ் முனையில் டாக்டர் அனந்தராமனின் மருத்துவமனை. அவர்தான் முதல் நாளிலிருந்து பார்க்கிறவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அதைத் தேடுகிற மனிதர்.

"வாங்கோ, வாங்கோ. ஆறு மாசமா இந்தப் பக்கமே காணோமே?"

"நாப்பது நாளா நீலம், டாக்டர்!" என்றார் பொன்ராஜ். "பாஸான பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு வரணும்?"

டாக்டர் சிரித்தார். ஆனால் பாதத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் பதிந்ததுபோலப் பள்ளம் அப்படியே நின்றது. விரல் புண்ணை முகர்ந்து பார்த்தார். பிறகு அவரைச் சிறுநீர் கொண்டுவரச் சொல்லி, நீல மருந்து எதுவும் விடாமல் வெறும் குழாயில் கொதிக்க வைத்தார். குழாயின் மேல்பாதி பால் திரிந்ததுபோல வெள்ளையாகிவிட்டது. மேலே இரண்டு சொட்டு அமிலம் விட்டும் அது கரையவில்லை.

"இது என்ன கலருல சேத்தி, டாக்டர்?" என்றார் பொன்ராஜ். குரலில் பாதிதான் வேடிக்கை.

"இது ஆல்புமின். உடம்புக்குள்ளே இருக்க வேண்டிய சத்து. வெளியே போயிண்டிருக்கு. கால்ல புண்ணும் ஜுரமும் இருந்தா கொஞ்சம் போகும். இல்லேன்னா கிட்னி பழுதுன்னு அர்த்தம்."

"அப்ப நீலம்?" என்றாள் தங்கம்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ரத்தத்திலே சர்க்கரை ஒரு அளவுக்கு மேலே ஏறினாத்தான் கிட்னி அதை வெளியே வழிய விடும். கிட்னி கெட்டுப்போச்சுன்னா அந்த அளவு உசந்துடும்மா. உள்ளே எவ்வளவு ரொம்பினாலும் வெளியே வழியாது. நீங்க தினம் கொதிக்க வெச்சு நீலம்னு சந்தோஷப்பட்டுண்டு இருப்பேள். நெஜமாவே சர்க்கரை எறங்கியிருந்தாலும் நீலம்தான். எந்த நீலம்னு ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

தங்கம் சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள். "அவுக புட்டியில தண்ணியக் கலந்திருந்தா?"

"கலந்திருந்தார்னா ரொம்ப நல்லது!" என்று டாக்டர் சிரித்தார். "நீலம் தண்ணியாலே வந்தது, கிட்னியாலே இல்லேன்னு ஆயிடும். ஏமாத்தறவருக்கு வைத்தியம் சுலபம். திங்கக்கிழமை வெறும் வயித்தோட வாங்கோ."

ஏமாற்றுகிறவருக்கு வைத்தியம் சுலபம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தங்கம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை, மருத்துவமனையின் பின்னறையில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் சுலோச்சனா என்ற பெண் ரத்தம் எடுத்தாள். ஊசி குத்தும்போது பொன்ராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு விசிறியின் விலை விசாரித்தார். சர்க்கரைக்கு, யூரியாவுக்கு, கிரியேட்டினினுக்கு என்று தனித்தனிப் புட்டிகள். கடைசியாகக் கொஞ்சம் ரத்தத்தை ஒரு மெல்லிய நீளக் குழாயில் உறிஞ்சி ஏற்றி, ஜன்னலோரம் ஒரு சட்டத்தில் நேராக நிறுத்தினாள். குழாய் நெடுக அளவுக்கோடுகள்.

"இது எதுக்கும்மா?" என்றாள் தங்கம்.

"ஈ.எஸ்.ஆர். பாக்க. ஒடம்புக்குள்ள எங்கயாவது அழற்சி இருந்தா இந்தச் செவப்பு சீக்கிரமா கீழ எறங்கும், மேல தண்ணி மாதிரி தெளிஞ்சு நிக்கும். ஒரு மணி நேரத்துல எவ்வளவு எறங்குதுன்னு கணக்கு. இவருக்குப் பதினஞ்சு இருபதுக்குள்ள இருந்தா பரவால்ல."

மீதி எல்லாம் மத்தியானத்துக்குள் வந்துவிடும், டாக்டரே சொல்வார் என்றாள். காத்திருந்தார்கள். பொன்ராஜ் கொண்டுவந்த இட்லியைத் தின்றார். தங்கம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அந்தக் குழாயையே பார்த்தாள். பத்து நிமிஷத்திலேயே உச்சியில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு விழுந்துவிட்டது.

புட்டி கழுவுகிற பாஞ்சாலி வாளியோடு வந்தவள் நின்று பார்த்தாள். "இன்னாம்மா, அடுப்புல பால் வெச்சா மாதிரி அதையே பாத்துக்கினு கீற? நீ பாத்தா எறங்காம நின்னுடுமா?"

"நிக்காதா?"

"எம்மாம் பேர் பாத்துட்டாங்க! ஒருத்தர்து கூட நிக்கல. நீ போய் டீ குடி போ."

தங்கம் போகவில்லை. கணவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்தாருங்க. உண்மையச் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். தண்ணி கலந்தியளா?"

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா? இல்ல."

"ஒரு நாள் கூடவா?"

"ஒரு நாள் கூட இல்ல. நீதான் புட்டியத் தொட்டுத் தொட்டுப் பாத்தியே."

"நான் தொட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? கிணத்தடியில நிக்கவன் குருடனா?"

அவளுக்குச் சட்டென்று ஒரு நம்பிக்கை பிறந்தது. "அப்ப, நான் தொடலைன்னா கலந்திருப்பியளா?"

"சத்தியமா கலந்திருப்பேன்" என்றார் அவர், பெருமையாக. "நீ விட்டாத்தானே?"

தங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரின் திருட்டுத்தனங்களைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒளித்து வைத்த சிகரெட்டு, சொல்லாமல் பார்த்த சினிமா, ஒன்று என்று சொன்ன மூன்று லட்டு. இன்றைக்கு ஒரே ஒரு திருட்டுத்தனம் போதும், அதைக் கொண்டுவந்து டாக்டர் மேஜையில் வைத்துவிடலாம். அது மட்டும் இல்லை என்கிறார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சுத்தமாக இருந்திருக்கிறார், அதுவும் அவள் காவல் இருந்ததால். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

ஒரு மணி நேரம் ஆனதும் சுலோச்சனா வந்து குனிந்து குழாயைப் பார்த்தாள். குழாயின் சிவப்பு வெகுதூரம் கீழே போயிருந்தது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். "அறுபத்தெட்டு" என்றாள் தங்கம், தானே கோடுகளை எண்ணியிருந்ததால். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தங்கமே காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"வெறும் வயித்துச் சர்க்கரை இருநூத்தி அறுபது. யூரியா எழுபத்திரண்டு, நாப்பதுக்குள்ள இருக்கணும். கிரியேட்டினின் ரெண்டு புள்ளி மூணு, ஒண்ணரைக்கு மேலே போகப்படாது. ஈ.எஸ்.ஆரும் ஜாஸ்தி. கால் புண்ணு உள்ளுக்குள்ளே கனிஞ்சிண்டிருக்கு, அது ஒரு பக்கம்." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கிட்னியிலே சேதம் இருக்கு, பொன்ராஜ். அது நல்ல நீலமில்லே."

பொன்ராஜ் தலையை மெல்ல ஆட்டினார், பழைய சரக்கைத் திருப்பி வாங்கிக்கொள்கிறவர்போல.

"என்னதான் சாப்பிடறேள்?"

தங்கம் வரிசையாகச் சொன்னாள். கேப்பைக்களி, கீரை, மீன், வெந்தயம். கடைசியில், "ரெண்டு வேளை கருப்பட்டிக் காப்பி" என்றாள்.

"என்னது?"

"கருப்பட்டி, டாக்டர். அது இனிப்புல சேராதுல்லா?"

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் சொன்னா?"

யார் என்று சொல்வது? ஒரு ஜில்லாவே சொன்னது. "நான்தான் கேட்டு வாங்கிக் குடிச்சேன்" என்றார் பொன்ராஜ் அவசரமாக.

"அதுவும் சர்க்கரைதாம்மா. கறுப்பா இருக்கு, அவ்வளவுதான். ஆனா ஒரு மாசக் காப்பியிலே கிட்னி கெடாது. பதினோரு வருஷமா உள்ளே நடந்துண்டிருந்த காரியம் இது. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதேங்கோ."

அவர் மேலும் சொன்னதை அவள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். தினம் காலையில் இன்சுலின் ஊசி. உப்பைப் பாதியாக்க வேண்டும், பருப்பும் மீனும் கொஞ்சம்தான். புண்ணுக்குத் தினம் கட்டு. மாதம் ஒரு முறை ரத்தம். போன கிட்னி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், கவனமாக இருந்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். எத்தனை வருஷம் என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை.

வெளியே வந்து சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தார்கள். வேலு என்கிற அந்த ரிக்‌ஷாக்காரர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஆழ்வார்ப்பேட்டை வழியாக மிதித்தார். தங்கம் பேசவில்லை. ஒரு மாதத்தில் கெடாது என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்திருந்தது. ஆனால் அவள் கண்முன் நின்றது டம்ளரும், நுரையும், அதை நீட்டிய தன் கையும்தான்.

பொன்ராஜ் அவள் திட்டுவதற்குப் பழகியவர். பேசாமல் இருந்தால் அவருக்குக் கை கால் ஓடாது. தேனாம்பேட்டை முனையில் வண்டி நின்றபோது தொண்டையைச் செருமினார்.

"தங்கம். ஒண்ணு சொன்னா வையமாட்டியே?"

அவள் திரும்பினாள்.

"ரெண்டு மாசமா, சாயங்காலம் சாயங்காலம், பாண்டி பஜார்ல அல்வா வாங்கித் தின்னேன். கால் கிலோ."

"தெனமுமா?"

"தெனமும். ஞாயித்துக்கிழமை அரைக் கிலோ."

"எந்தக் கடையில?"

"அந்த... மூலைக்கடை."

"மூலையில செருப்புக்கடைல்லா இருக்கு."

"அதுக்கு அடுத்தாப்புல."

அவருடைய பொய் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எப்போதும் குறைத்துத்தான் சொல்வார், கண்ணை எங்கேயாவது வைத்துக்கொள்வார். இது அப்படி இல்லை. கூட்டிச் சொன்னார். அவளையே நேராகப் பார்த்துக்கொண்டு, நன்றாக விலைபோகும் என்று நம்புகிற துணியை விரித்துக் காட்டுவதுபோலக் காட்டினார். அவள் கையிலிருந்த டம்ளரை அவர் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று புரிந்தது. இது பொய், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த டம்ளரை அவள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

"வெக்கமா இல்ல?" என்று ஆரம்பித்தாள். "பேரன் எடுக்கிற வயசுல தெருவுல நின்னு அல்வா! கால் கிலோ! நான் இங்க வெந்தயத்த எண்ணி எண்ணிப் போடுதேன், நீங்க அங்க நெய்யை வழிச்சு நக்குதிய! உங்களுக்குக் கிட்னின்னு ஒண்ணு கொடுத்தானே கடவுள், அவனைச் சொல்லணும்." தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாத எல்லாவற்றையும் அந்த அல்வாவிடம் சொன்னாள். குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே திட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும், "தப்புதான்", "தப்புதான்" என்று மனநிறைவோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வேலு திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, அம்மாக்குத் தெரியாம கால் கிலோவா? பலே ஆளா கீறியே! நெய்யி நல்லா போடுவானா?"

"ஒழுகும்" என்றார் பொன்ராஜ். "எலையில வச்சா எலை வழுக்கிக்கிட்டுப் போகும்."

"நீங்க சும்மா மிதிங்க" என்றாள் தங்கம் வேலுவிடம். "அந்த மருந்துக்கடைகிட்ட நிறுத்துங்க. ஊசி வாங்கணும்."

கடையில் இன்சுலின் புட்டியும், சிரிஞ்சும், பஞ்சும் வாங்கினாள். கடைக்காரர் ஊசியைக் கொதிக்க வைக்கும் விதத்தைச் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். எந்தக் கையால் பிடிப்பது, எவ்வளவு ஆழம் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவர் வலது கால் ரிக்‌ஷாவின் ஓரத்தில் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதிர்ப்பலகையைக் காட்டினாள்.

"காலத் தூக்கி இதுல வைங்க."

"ரோட்டுல எல்லாரும் பாப்பாங்கட்டி."

"பாக்கட்டும். வைங்க."

வைத்தார். அவள் செருப்பின் வாரைத் தளர்த்திக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த அல்வாவுல முந்திரி போட்டிருந்தானா?"

பொன்ராஜ் ஒரு நொடி யோசித்தார். "நெறைய."

"அதுக்கும் சேத்து ஏச்சு வாங்கணும் நீங்க. வீட்டுக்கு வாங்க."